எழுந்த சீட்டு: மதுரை வீட்டில் வேலை ஓடும் மூலையை அமைப்பது எப்படி

அரை மணி நேரம்கூட ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் மனசைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மேசையின் உயரம், ஜன்னல் இருக்கும் திசை, சார்ஜர் மாட்டியிருக்கும் பிளக் பாயின்ட். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், டிஎன்பிஎஸ்சி-க்குப் படிப்பவர், தையல் மெஷின் போட்டிருப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வென்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தாங்கள் செய்துகொண்டிருப்பதை மணிக்கொரு தடவை எழுதி வைத்தார்கள். எழுதியவற்றில் சுமார் 43 சதவீதம் அநேகமாக தினமும், வழக்கமாக அதே இடத்தில் செய்கிற காரியங்கள். 2005-ல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களைக் கவனித்தார்கள். புது இடமும் பழைய இடம் மாதிரியே அமைந்தவர்களுக்குப் பழைய பழக்கம் தொடர்ந்தது. இடத்தின் அமைப்பு மாறியவர்களுக்கு அது அறுந்துபோனது. நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் இரண்டுமே இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கின்றன. அதனால் கை வைக்க வேண்டியது இடத்தில்.

முதல் மூன்று நாள்: எதையும் மாற்றாதீர்கள்

கடைக்குப் போய் நாற்காலி வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் மேலே திருப்பி மேசையில் ஒட்டுங்கள். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் காரணத்தையும் இரண்டு வார்த்தையில் எழுதுங்கள். உட்கார்ந்தபடியே போனுக்குள் போய்விட்டாலும் எழுந்ததாகவே கணக்கு. ஒரு நாள் சீட்டு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

9.20 – ஸ்கிரீனில் வெயில், திரை இழுக்க
9.50 – சார்ஜர் ரூமில்
10.05 – வாட்ஸ்அப், அப்படியே 25 நிமிஷம்
10.50 – தண்ணீர்
11.20 – காலிங் பெல், சிலிண்டர்
11.45 – கழுத்து வலி, கட்டிலில் சாய்ந்தது
12.30 – அத்தை: "மூணு விசில் வந்ததும் அடுப்ப நிறுத்திரும்மா"
2.40 – அனல் தாங்கவில்லை, முன்ரூமுக்கு மாறியது

எட்டு வரியில் மனசு சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்று நாள் சீட்டையும் அருகருகே வைத்து, திரும்பத் திரும்ப வருகிற முதல் இரண்டு காரணங்களை வட்டமிடுங்கள். அந்த இரண்டை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

தண்ணீருக்கு எழுவதை ஒழித்துவிட வேண்டாம். 45, 50 நிமிஷத்துக்கு ஒரு தடவை உடம்பு எழுந்தே ஆக வேண்டும். பெரிய பாட்டிலை மேசையில் வைக்காமல், சின்னத் தம்ளரை மேசையிலும் மண்பானையைப் பதினைந்து அடி தள்ளியும் வைத்தால் அந்த நடை தானாக அமைந்துவிடும். தெருமுனை டீக்கடைக்குப் போவது அப்படி இல்லை, போய் வர அரை மணி நேரம் கரையும். அதற்கு 11 மணி, 4 மணி என்று நேரம் குறித்துவிடுங்கள்.

மேசையும் நாற்காலியும்: அளந்து பாருங்கள்

கடையில் கிடைக்கும் மேசைகளும் சாப்பாட்டு மேசையும் பெரும்பாலும் 29 முதல் 30 அங்குல உயரம். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவருக்கு அது அதிகம். கணக்கு இதுதான். செருப்பில்லாமல் நேராக உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிப்பக்கம் வரை இஞ்ச் டேப்பால் அளங்கள். அது உங்கள் நாற்காலி உயரம், இவருக்குச் சுமார் 16 அங்குலம் வரும். அடுத்து, தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை அளங்கள். அது சுமார் 9 அங்குலம். இரண்டையும் கூட்டினால் 25. இவர் 30 அங்குல மேசையில் டைப் செய்தால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்கிறார். சீட்டில் 11.45-க்கு வந்த கழுத்து வலி இதுதான்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. மர மேசையென்றால் ஆசாரியிடம் சொல்லிக் காலை அறுத்துவிடலாம். நான்கு காலிலும் மேல் பலகையிலிருந்து கீழ்நோக்கி அளந்து கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அளந்தால், தரையில் இருக்கும் மேடுபள்ளம் மேசைக்கு வந்து அது ஆடத் தொடங்கும். அளந்ததைவிட அரை அங்குலம் கூட விட்டே அறுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம். இரும்புக் காலென்றால் மேசையை விட்டுவிட்டு, நாற்காலியை உயர்த்தி, அதே அளவு உயரத்துக்குக் காலுக்கடியில் பலகை போடுங்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். ஆகையால் பலகை இல்லாமல் நாற்காலியை மட்டும் உயர்த்துவது பாதி வைத்தியம்.

லேப்டாப்பில் ஸ்கிரீனைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் கீபோர்டும் கூடவே போய்விடும். தனி கீபோர்டும் மவுசும் வாங்கி, லேப்டாப்பின் கீழ் 4 முதல் 6 அங்குலம் வரை பழைய புத்தகங்களை அடுக்குங்கள். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம், கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு. மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரட்டைக் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிப் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நாற்காலிக்கு நம்ம ஊரில் காற்றோட்டம்தான் முதல் தகுதி. தடித்த ரெக்சின் மெத்தை வைத்த ஆபீஸ் நாற்காலி பங்குனியிலிருந்தே முதுகை நனைத்துவிடும். வலைத்துணி முதுகு வைத்தது, பிரம்பு பின்னியது, ஒயர் பின்னியது இவற்றில் எதுவானாலும் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறதென்றால் உட்காரும் இடத்தில் கோரைப் பாய்த் துண்டும், இடுப்புக்குச் சுருட்டிய துண்டும் போதும்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்கிற வழக்கமுள்ளவர்கள் அதை விட வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வுப் பெட்டி நல்ல கருவி. பலகை சாய்ந்திருப்பதால் கழுத்து குறைவாகக் குனியும். ஆனால் அது எழுதவும் படிக்கவும் உதவும், மணிக்கணக்கில் டைப் செய்ய உதவாது.

கை எட்டும் தூரம்

முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து முன்கையை மட்டும் சுழற்றுங்கள். சுமார் 15 அங்குல ஆரத்தில் ஒரு அரைவட்டம் வரும். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் எடுப்பவை மட்டும் அதற்குள். கையை முழுதாக நீட்டினால் எட்டும் வட்டத்தில், நாளைக்கு இரண்டு மூன்று தடவை எடுப்பவை. மிச்சமெல்லாம் மேசையை விட்டு இறங்கட்டும். தையல் மெஷினில் கத்தரி வலது கைப்பக்கம் ஆணியில் தொங்கட்டும், பாபின்களை நிறவாரியாகச் சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருங்கள், குண்டூசிக்கு ஒரு காந்தத்தை மெஷின் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒரு பிளவுஸ் தைத்து முடிப்பதற்குள் கத்தரியைத் தேடும் நேரம் எவ்வளவு என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தால், அந்த ஒரு ஆணியின் அருமை புரியும்.

இதே விதியைப் போனுக்குத் தலைகீழாகப் போடுங்கள். போனைப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுப்பது எளிதில் உடையும். போன் சார்ஜரை மேசைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஹாலில் மாட்டி, காலையில் உட்காரும்போது போனை அங்கே விட்டு வாருங்கள். அங்கே போக இருபது அடி நடக்க வேண்டும், நடந்தால் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். ஓடிபி வருகிற வேலையாக இருந்தால் போன் மேசை டிராயருக்குள் கவிழ்ந்து இருக்கட்டும். 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பில், மணி அடிக்க வேண்டிய ஐந்து பேரை மட்டும் விலக்கி வையுங்கள். லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடந்தால் இவ்வளவும் வீண்.

வெயிலும் வெளிச்சமும்

மதுரையில் வேலை மூலையைக் கெடுப்பதில் முதல் இடம் வெயிலுக்கு. அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

மேற்குச் சுவரில் மதியம் 2 மணியிலிருந்து வெயில் விழுகிறது. 9 அங்குலச் செங்கல் சுவருக்குள் சூடு ஊர்ந்து உள்பக்கம் வர மணிக்கணக்கில் ஆகும். அதனால் அந்தச் சுவர் உள்ளே அதிகமாகச் சுடுவது இரவில்தான். 9 மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேசையை மேற்குச் சுவரில் ஒட்டிப் போட்டால் முன்னிரவில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற மாதிரி. வேறு சுவர் இல்லையென்றால் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நடுவில் புத்தக அலமாரியை நிறுத்துங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இன்னும் மோசம். கான்கிரீட் தளம் நண்பகலிலிருந்து வாங்கிய சூட்டைச் சாயங்காலமும் இரவும் தலைமேல் இறக்கிக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். மாடியில் வெள்ளை அடிப்பதுதான் கைக்கெட்டிய நிவாரணம். சுண்ணாம்பு அடித்தாலும் சரி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடித்தாலும் சரி, மாசி முடிவதற்குள் அடித்துவிடுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே கோடையின் நடுவில் ஒரு தடவை கழுவிவிட வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டு, இன்னும் சுடுகிறதே என்பார்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்தானே நிற்கும்? தடுப்பு வெளியே இருக்க வேண்டும். பச்சை வலையோ மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ ஜன்னலுக்கு வெளியே அரை அடி தள்ளித் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பகல் காற்று காய்ந்து கிடப்பதால் வெட்டிவேர் நன்றாக வேலை செய்யும். 11 மணிக்கு ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை நனைத்தால் போதும். ஏர் கூலருக்கும் இதே சூத்திரம்தான். அதை வெளிக்காற்று வரும் ஜன்னலில் வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலைக் கால்வாசி திறந்து விடுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் அறை புழுங்கி, பேப்பர் நமத்துப்போகும். ஐப்பசி மழையில் கூலரை எடுத்து வைத்துவிடலாம், ஈரக் காற்றில் அது பயன்படாது. ஏசி உள்ளவர்கள் 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் கதவைத் திறந்து வையுங்கள், அடைத்த அறையில் மூச்சுக்காற்று சேரச் சேரத் தூக்கம் சொக்கும்.

டேபிள் ஃபேன் காற்று முகத்தில் நேராக அடித்தால் கண் உலர்ந்து எரியும். பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். கொசு காற்றுக்கு எதிரே பறக்கத் திணறும், அதனால் மாலையில் காலடிக் கொசுவுக்கும் இதுவே மருந்து. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் பேப்பருக்குக் கனமான கிளிப் பலகை ஒன்று கட்டாயம்.

வெளிச்சத்துக்கு ஒரு சின்னச் சோதனை. லேப்டாப்பை அணைத்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கறுத்த ஸ்கிரீனைப் பாருங்கள். அதில் ஜன்னல் தெரிகிறதா? டியூப் லைட் கோடாக மின்னுகிறதா? அதில் தெரிவதோடெல்லாம் உங்கள் கண் நாள் முழுக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் எதிரேயும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். வலது கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் கை நிழல் எழுத்தில் விழாது. டேபிள் லைட்டுக்கு 7 அல்லது 9 வாட் எல்இடி தாராளம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஸ்கிரீன் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யாதீர்கள்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பல, இரண்டு பக்கமும் பொதுச்சுவராக நீளமாகப் போகும். வெளிச்சம் வாசலிலும் கொல்லையிலும் முற்றத்திலும்தான் உண்டு. அங்கே முற்றத்தை ஒட்டிய சுவர்தான் நல்ல இடம். முற்றம் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். தகரம் போட்டு முற்றத்தை மூடியிருந்தால், ஒரே ஒரு தகரத்தை மட்டும் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட்டாக மாற்றினால் பகலில் லைட் போட வேண்டியிராது.

மின்தடை நாள்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலையில் தொடங்கி சாயங்காலம் வரை நீள்கிறது. உங்கள் துணைமின்நிலையத்தின் பெயரைச் சுவரில் எழுதி வையுங்கள். முன்கூட்டியே பேப்பரில் வரும் அறிவிப்பில் அந்தப் பெயரைத்தான் தேட வேண்டும்.

கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும், பேட்டரியை அடியோடு வடிக்கக் கூடாது என்பதையும் கழித்தால் சுமார் 1100 தேறும். சாதாரண சீலிங் ஃபேன் 75, லேப்டாப் 60, லைட் 10, ரவுட்டர் 10, மொத்தம் 155 வாட். ஏழு மணி நேரம் ஓடும். அதே ஃபேன், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் மொத்தம் 110, பத்து மணி நேரம். எட்டு மணி நேரத் தடையைத் தாண்டுவதும் தாண்டாததும் ஒரு ஃபேனில் இருக்கிறது. மூன்று நான்கு வருஷப் பேட்டரியில் இந்தக் கணக்கு நிற்காது. கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள், குழாய்த் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் ஊற்றக் கூடாது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட் என்று இருக்கிறதா, 12 வோல்ட் என்று இருக்கிறதா என்று படியுங்கள். 9 வோல்ட் ரவுட்டரில் 12 கொடுத்தால் அது கருகிவிடலாம்.

வீட்டாரும் சத்தமும்

கதவே இல்லாத வீட்டில் 'நான் வேலையாக இருக்கிறேன்' என்பதை எப்படிக் காட்டுவது? கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம் வேண்டும். நாற்காலி முதுகில் சிவப்புத் துண்டு போட்டிருந்தால் கூப்பிடக் கூடாது, எடுத்துவிட்டால் கூப்பிடலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாகப் போடாதீர்கள், வீட்டில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். "அத்தை, பதினொன்றரைக்குத் துண்ட எடுத்துருவேன், குக்கர அப்ப வைக்கலாமா?" என்று காலையிலேயே பேசிவிட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை. சொன்ன நேரத்துக்குத் துண்டை எடுக்க வேண்டும், அது முக்கியம்.

சத்தத்துக்கு அதிகம் செய்ய முடியாது. தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, கதவின் அடி இடுக்கில் துணி உருட்டி வைத்தால் கொஞ்சம் குறையும். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் மாசி வீதிகளிலும், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் தல்லாகுளம் பக்கமும் குடியிருப்பவர்கள் அந்த நாட்களில் விடிகாலை நாலரைக்கே உட்கார்ந்து எட்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வீட்டில் இடமே இல்லாத மாணவர்களுக்கு, புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தினமும் ஒரே தளத்தில், ஒரே பக்கத்தில் உட்காருங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் படிப்பு அந்த இடத்தோடு ஒட்டாது.

தொடக்கமும் முடிவும்

ஒரே அறையில் படுக்கை, சாப்பாடு, வேலை மூன்றும் நடக்கிற வீடுகள்தான் அதிகம். அங்கே இடத்தைப் பிரிக்க முடியாது, விரிப்பால் பிரிக்கலாம். வேலைக்கென்று ஒரு பாய், எப்போதும் ஒரே சுவரைப் பார்த்து. அதில் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. முடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிடுங்கள்.

இரவில் எழுந்திருக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, மேசையில் நாளைக்கு வேண்டிய ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். புத்தகமென்றால் அந்தப் பக்கம் திறந்தபடி, மேலே பென்சில். கணக்கென்றால் அடுத்த பில்லின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். தையலென்றால் வெட்டிய துணி மெஷின் மேலே, நூல் கோத்தபடி. காலையில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கை போனைத் தேடிப் போகிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாட்கள் சராசரியாக 66. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை வித்தியாசப்பட்டது. ஒரு நாள் தவறியது கணக்கைக் கெடுக்கவில்லை. ஆகவே 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இன்னும் வரவில்லையே என்று மேசையை மறுபடி இடம் மாற்றாதீர்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு மூன்று நாள் சீட்டு எழுதுங்கள்.

வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் மேசை நகர வேண்டியிருக்கும். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது, தெற்கு ஜன்னலில் உச்சி வெயில் விழாது. மார்கழியில் தெற்கே இறங்கி, அதே ஜன்னல் வழியாக அறைக்குள் நீளமாக வரும். மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் தரையில் விழும் வெயிலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, மேசையை அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடி நிழல் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். சித்திரை பிறந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம்.